முடி மாத்திரை

ஐம்பத்தெட்டு வயதிலும் அவர் தலை கருகருவென்றிருந்தது. சொந்தபந்தம் வாயைப் பிளக்கும். “எல்லாம் பரம்பரை” என்பார். பரம்பரையில் அப்பா வழுக்கை, அண்ணனும் வழுக்கை. அந்த அண்ணன் புராஸ்டேட் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து தம்பிக்கு வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. துணைக்கு மனைவி.

டாக்டர் முடிவைப் பார்த்தார். “புராஸ்டேட்டுக்குப் பார்க்கற பி.எஸ்.ஏ. அளவு மூணுதான். பயப்பட ஒண்ணுமில்ல. வேற மாத்திரை ஏதாவது போடறீங்களா?”

“நானா? தலைவலிக்குக்கூடப் போட மாட்டேன், டாக்டர்.”

பக்கத்தில் நர்ஸ் நின்றிருந்தாள். அவர் நெஞ்சை நிமிர்த்தியது அவளுக்காக. மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். ஷேவிங் டப்பாவின் அடியில் அவர் ஒளித்து வைக்கும் மாத்திரை அட்டையை அவள் பல வருஷமாகப் பார்த்து வருகிறாள். அவள் முகம் மாறியதைக் கண்டதும் மேசைக்கடியில் அவர் செருப்பு அவள் காலை மிதித்தது.

மிதிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை சும்மா இருந்திருப்பாள்.

“முடி கொட்டாம இருக்க மாத்திரை போடறார், டாக்டர். பல வருஷமா.”

டாக்டர் பேனாவை வைத்தார். “இத முதல்லயே சொல்ல வேணாமா சார்? அது ஆண் ஹார்மோன் மேல வேலை செய்யற மாத்திரை. ரத்தத்துல இந்த அளவப் பாதியாக் காட்டும். உங்களுக்கு மூணு இல்ல, ஆறுன்னு வச்சுக்கணும். நாலத் தாண்டினாலே சந்தேகப்படணும். இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடுங்க.”

வெளியே வந்ததும் அவர் பல்லைக் கடித்தார். “அந்தப் பொண்ணு முன்னாடி மானத்த வாங்கிட்டியேடி!”

“எந்தப் பொண்ணு?”

“நர்ஸ்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே கட்டி இருக்கிறதோ என்னவோ. இந்த மனுஷனுக்கு நர்ஸ்தான் கவலை.

“உங்க அண்ணன் வழுக்கையோட போனார். நீங்க நல்லா வாரிக்கிட்டுப் போலாம்.”

ஸ்கேன் அறைக்கு வெளியே இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கூப்பிட்டார்கள். எழுந்து ரெண்டடி போனவர் திரும்பி வந்தார். உதடு வெளுத்திருந்தது.

“அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்வாங்களோ? டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லேன்.”

பயந்துபோயிருக்கிறார். அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. அவள் இரக்கப்பட முயன்றாள். வரவில்லை.

“உள்ள போங்க” என்றாள்.