கை இறுக்கம்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. இதை மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் மறைச்சேன்னு யாரும் சொல்லக் கூடாது. அவங்க ஒரு பெண்கள் ஹாஸ்டல்ல வார்டன். எங்க வீட்லயும் அவங்களுக்கு அதே பேருதான். வந்தா வாசல்ல செருப்பை வரிசையா அடுக்கச் சொல்வாங்க, சாப்பிட உக்காந்தா யாரு எவ்வளவு மிச்சம் வச்சாங்கன்னு பாப்பாங்க, நான் சிரிச்சா எதுக்குன்னு கேப்பாங்க.

அந்த வார்டனுக்கு வருஷக் கடைசியோட ரிட்டயர்மென்ட். ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணிட்டு நேரா எங்க வீட்டுக்கு வர்றதா முடிவு. யாரு முடிவு பண்ணாங்கன்னா, அவங்களேதான். எங்க வீட்ல மிச்சம் இருக்கறது பின்னால ஒரு சின்ன ரூம். அதுல என் தையல் மெஷின், துணி வெட்டற மேஜை, இஸ்திரிப்பெட்டி. ஆல்டரேஷனுக்கு வந்த பேன்ட்டு, கோட்டு, கவுனெல்லாம் கம்பில தொங்கும். என் பொழப்பே அந்த ரூம்தான். மெஷினை ஹால்ல ஒரு மூலைல போட்டுக்கோன்னு வார்டன் போன்லயே சொல்லிட்டாங்க. டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல கல்யாணக் கவுனை எங்க விரிக்கறது, அவங்க தலைலயா?

அது போதாதுன்னு ஒரு உத்தரவு வேற. லீவுக்கு எல்லாரும் எங்க வீட்ல கூடறோமாம், ஒரே கலர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துக்கறோமாம், நான்தான் எல்லாருக்கும் பின்னிக் குடுக்கணுமாம். அவங்களுக்கே நல்லாப் பின்னத் தெரியும். ஆனா கண்ணு மங்கிப்போச்சாம். கலரும் அவங்களே சொன்னாங்க, கடுகு மஞ்சள். அதைப் போட்டா நான் காமாலை வந்தவ மாதிரி இருப்பேன்.

என் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஸ்வெட்டர் பின்னறேன், சமைச்சுப் போடறேன், பல்லைக் காட்டிக்கிட்டு போட்டோவுல நிக்கறேன். அந்த ரூம் மட்டும் கிடையாதுன்னு உங்க அக்காகிட்ட நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா தம்பி பொண்டாட்டி துரத்திட்டான்னு ஆயிடும். அதுக்கு அவரு பாக்கலாம்னாரு. நல்ல மனுஷர். கத்த மாட்டாரு, குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. வாயும் திறக்க மாட்டாரு.

மொதல்ல வார்டனோட ஸ்வெட்டர். திட்டிக்கிட்டேதான் பின்னினேன். எனக்குத் தெரிஞ்ச வசவெல்லாம் தீந்து போயி, ஆல்டரேஷனுக்கு வர்ற ஒரு பஸ் கண்டக்டரம்மாகிட்ட கேட்ட வசவையும் சேத்துக்கிட்டேன். பின்னல்ல ஒரு வம்பு உண்டு. அதே ஊசி, அதே நூல், அதே கண்ணிக் கணக்கு வச்சாலும், கை இறுகினா ஸ்வெட்டர் சின்னதாயிடும், தளந்தா தொளதொளன்னு போயிடும். வார்டனோடது பொம்மைக்குக்கூடப் பத்தாதுன்னுதான் நெனைச்சேன். அடுத்தது கொழுந்தனோடது. அவரைப் பத்தி எனக்கு நல்லதும் தோணினதில்ல, கெட்டதும் தோணினதில்ல, டிவி பாத்துக்கிட்டே முடிச்சேன்.

கடைசில வீட்டுக்காரரோடது. அவரு பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுத் தின்னுக்கிட்டிருப்பாரு. அக்காகிட்டச் சொன்னீங்களான்னு கேப்பேன். பாக்கலாம்பாரு. சுளையை எனக்கும் ஒண்ணு நீட்டுவாரு. நானும் வாங்கித் தின்னுட்டு அடுத்த வரிசையை ஆரம்பிப்பேன். கோபம்லாம் இல்ல, சத்தியமா அப்பிடித்தான் நெனைச்சேன். அவரு அளவு எனக்கு மனப்பாடம்ங்கறதால, மூட்டித் தைச்சு, விரிச்சுக்கூடப் பாக்காம மடிச்சு வச்சுட்டேன்.

லீவும் வந்துச்சு, வார்டனும் வந்தாங்க. கைப்பையிலேர்ந்து டேப்பை எடுத்துக்கிட்டு நேரா பின் ரூமுக்குப் போனாங்க. என் மெஷின் இருக்கற எடத்துல கட்டில் பிடிக்குமான்னு அளந்தாங்க. சாப்பிட்டதும் இதை நகத்திடுன்னு கொழுந்தனுக்கு ஒரு ஆர்டர். நான் என் வீட்டுக்காரரைப் பாத்தேன். அவரு போட்டோ எடுக்கறதுக்காக போனை அலமாரில சாய்ச்சு நிறுத்திக்கிட்டிருந்தாரு.

எல்லாரும் ஸ்வெட்டரைப் போட்டாங்க. கொழுந்தனோடதுல இன்னொரு கொழுந்தன் நுழையலாம். வார்டனுக்குக் கச்சிதமா இருந்துச்சு, கடைல அளவெடுத்து வாங்கின மாதிரி. எனக்கே நம்ப முடியலை. என் வீட்டுக்காரர் கை ரெண்டையும் தூக்கி உள்ள விட்டாரு, தலை வெளிய வரலை. இழுத்தாரு, நெளிஞ்சாரு, முட்டி மோதினாரு, கழுத்து வாசல்ல மயிர் மட்டும் எட்டிப் பாத்துச்சு. கொழுந்தன் சிரிச்சே சாஞ்சுட்டாரு.

இதுதான் தையல்காரி லட்சணமான்னு வார்டன் ஆரம்பிச்சாங்க. இவரு சட்டை பூராவும் நான் தைச்சதுதான், அளவு எனக்குத் தப்பாதுன்னு பதிலுக்குப் பாஞ்சேன். அவங்க எங்கிட்டப் பேச்சை வளக்கலை. தன் ஸ்வெட்டர் ஓரத்தை இழுத்துப் பாத்தாங்க, அது நீண்டு குடுத்துச்சு. தம்பியோடதை இழுத்தாங்க, அசையலை. கண்ணி கண்ணியாத் தடவிக்கிட்டே போனாங்க.

"என் மேல உனக்கு எவ்வளவு கோபம்னு எனக்குத் தெரியும்," அப்பிடின்னாங்க எங்கிட்ட. "அது என்னோடதுல துளிகூட இல்ல. இவனோடதுல ஊசி முனை நுழையாது." அப்புறம் அந்த ஸ்வெட்டரைப் பாத்துக் கேட்டாங்க, "என்னடா பண்ணின இவளை?"

"நான் ஒண்ணுமே பண்ணலையே அக்கா," அப்பிடின்னு உள்ளேர்ந்து சத்தம் வந்துச்சு.

அதுலயும் பொய் இல்ல.

வார்டன் டேப்பைச் சுருட்டிக் கைப்பைல போட்டாங்க. "நான் இங்க வரலை. வேற எடம் பாத்துக்கறேன். இவ என்னிக்கோ ஒரு நாள் மெஷினைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுவா. அப்புறம் உனக்கு வடிச்சுக் கொட்டறது என் தலைல விடியும்." எம்பக்கம் திரும்பினாங்க. "போறதுன்னா வாயைத் திறந்து சொல்லிட்டுப் போ. ஸ்வெட்டர்ல சொல்லாத."

ரூம் எனக்குன்னு ஆயிடுச்சு. அதுக்குத்தானே இத்தனை பாடு? சந்தோஷம் வரும்னு பாத்தேன், வரலை. யாரு போறாங்க, என்ன உளறல் இதுன்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள ஒரு வழியா என் வீட்டுக்காரர் தலை வெளிய வந்துடுச்சு. மூஞ்சி செவந்து, கை ரெண்டும் மேல தூக்கினபடியே இருந்துச்சு. அக்காவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, அலமாரில இருந்த போனைப் பாத்தாரு.

"அப்ப போட்டோ எடுக்கலையா?" அப்பிடின்னாரு.

அந்த நிமிஷம் வரைக்கும் நான் போவேன்னு எனக்கே தெரியாது. அக்கா சொன்னது சரிதான்னேன். அவரைப் பாத்துச் சொல்லலை, வார்டனைப் பாத்துதான் சொன்னேன். அந்த வீட்ல என் மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்ச ஒரே ஆளு அந்தப் பொம்பளைதான். அதுக்காகவும் அவங்களை எனக்குப் பிடிக்கலை.