மேடேறும்போது வரும் வாடை

ரப்பர் கருகுகிற வாடை முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி மேட்டில். தங்கை காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கிளட்ச் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டுற. பிளேட்டு தேயுது, அதான் கருகுது."

"நான் வைக்கலக்கா."

"பின்ன, பேயா வைக்குது?"

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றுதான் நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் இதே காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள் நான். படித்துப் போனவர்களின் முகம் எனக்கு மறந்துவிட்டது, கால்கள் மறக்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கற்றுக்கொள்ள வந்த பெண் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் ஸ்டார்ட் செய்வாள். ஒரு தையல்காரர் மெஷினை மிதிக்கிற மாதிரியே ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். கார் குதித்துக் குதித்துப் போகும், நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்போம். காலை ஆறு மணிக்கு ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆளில்லாத தெருக்களில் நத்தை வேகத்தில் ஊர்ந்த நாட்கள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

நான்கு வருஷத்துக்கு முன் பார்வை மங்கியது. ஸ்கூலை மூடினேன். கார் கூரையிலிருந்த போர்டைக் கழற்றி பரணில் போட்டோம். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நான் மிதிப்பதற்கென்று என் பக்கத்தில் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. அவற்றைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

தங்கையும் ஒரு காலத்தில் என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். இரண்டு தடவை டெஸ்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்ன இடத்தில் வண்டி பின்னால் உருண்டு அணைந்துவிட்டது. "உனக்கு வராது, விட்டுடு," என்று சொன்னது நான்தான். அவளும் விட்டுவிட்டு இருபது வருஷம் பஸ்ஸில் போனாள். வீட்டுக்காரர் தவறிய பிறகு என்னோடு வந்து தங்கியவள், எனக்குத் தெரியாமல் வேறு ஸ்கூலில் சேர்ந்து முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். "இன்ஸ்பெக்டர் இளகின மனசுக்காரர் போல," என்றேன். என் வாய் அப்படி.

இப்போது என்னை வெளியே கூட்டிப்போவது அவள்தான். நான் பாடம் எடுத்த தெருக்களையெல்லாம் வாரம் இரண்டு தடவை சுற்றி வருவோம். அவள் ஓட்டாவிட்டால் எனக்கு நாலு சுவர்தான்.

மூன்றாவது தடவை வாடை வந்தபோதும் நான் வாயை மூடவில்லை. அவள் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"நாளைக்கு மெக்கானிக்கிட்ட காட்டுவோம். என் காலாலதான்னு அவர் சொல்லிட்டா சாவிய உன் கையில குடுத்துடறேன். வண்டிய வித்துடு. இனிமே ஸ்டியரிங்க தொட மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள் அவள். ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள நா எழவில்லை.

மெக்கானிக்கும் என்னிடம் படித்தவர்தான், பெரிய பாதம், பிரேக்கை மிதித்தால் தலை முன்னால் போய் முட்டும். பானட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ரப்பர் குழாய் எதுவும் சூடான இடத்தில் உரசுகிறதா, சைலன்சரில் பிளாஸ்டிக் பை உருகி ஒட்டியிருக்கிறதா, டயர் எங்காவது தேய்க்கிறதா என்றெல்லாம் தேடினார். ஒன்றுமில்லை. தனியாக மேட்டுக்கு ஓட்டிப் போனார், வாடை இல்லை. தங்கையை ஓட்டச் சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார், அப்போதும் இல்லை.

"மூணு பேருமா போவோம். டீச்சர், நீங்க எப்பவும் உக்கார்ற மாதிரி முன்னாடி உக்காருங்க."

மேட்டின் பாதியில் நிறுத்தித் தங்கை வண்டியைக் கிளப்பினாள். வந்தது வாடை. பின் சீட்டிலிருந்து மெக்கானிக் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. அது யாரு கால்?"

என் இடது கால், செருப்போடு, என் பக்கத்துக் கிளட்ச்சின் மேல் இருந்தது. சத்தியமாக நான் வைத்தது எனக்கே தெரியாது. நான் இந்தப் பக்கம் லேசாக அழுத்தினாலும் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கும், பிளேட்டு கருகும். தங்கையின் கால் தரையில் ஒழுங்காக இருந்தது.

"அன்னைக்கே உங்க கால் சும்மா இருக்காது டீச்சர்," என்று மெக்கானிக் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெஸ்டு அன்றைக்கு என் இடத்தில் இன்ஸ்பெக்டர் அல்லவா உட்கார்ந்திருந்தார்! என் கால் பாதி வேலையைச் செய்தே பழக்கியிருந்தால், அவள் மேட்டில் எப்படிக் கிளப்பியிருப்பாள்?

"பிளேட்ட மாத்திடு தம்பி. என் பக்கத்து பெடல் ரெண்டையும் கழட்டிடு," என்றேன்.

இரண்டு நாளில் வண்டி தயாரானது. திரும்பி வரும்போது அதே மேட்டில் முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது. தங்கையும் நிறுத்தினாள். என் கால் தானாகத் துழாவியது. வெறும் தரை விரிப்புதான் தட்டுப்பட்டது. கார் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது, எனக்கு உயிரே போய் வந்தது. பிறகு நின்று, மெல்ல மேலே ஏறியது. வாடை இல்லை.

"அன்னைக்கு நீ ரெண்டு தடவ ஃபெயிலானதும் என் காலாலதான்," என்றேன். "உனக்கு வராதுன்னு வேற சொல்லிட்டேன்."

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த ஸ்கூல்ல சேர்ந்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சுக்கா. அங்க பெடல் தானா கீழ இறங்கல. இப்பவும் நீ கால் வைக்கிறது தெரியும். அதனாலதான் கருகுதுன்னு மட்டும் தெரியல."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"சொன்னா ரோஷத்துல பின் சீட்டுக்குப் போயிடுவ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"எனக்கு பயம்டி. ஒவ்வொரு நாளும், ஒவ்வொருத்தர் ஓட்டும்போதும் பயந்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்."

"இப்பவும் பயந்துக்கிட்டே வா," என்று சொல்லி அவள் அடுத்த கியரைப் போட்டாள். "ஆனா பக்கத்துலயே உக்காரு."