மேடை வசனம்

சட்டையின் மூன்றாவது பொத்தான் நூலில் சிக்கிக் கழல மறுத்தது. “அசையாம நில்லுடி,” என்று அவள் மகளை அதட்டினாள். தேசிய நாள் விழாவுக்கென அவளே தைத்துக்கொடுத்த ராணுவ உடுப்பு. பள்ளி மேடையில் கைதட்டல் வாங்கிய கையோடு, அதைக் கழற்றாமலேயே சிறுமி தாத்தாவின் அறைக்குள் ஓடியிருந்தாள். இப்போது தாத்தா கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

“அம்மா, தாத்தா எங்கூட விளையாடினாருல்ல?”

அவள் பொத்தானையே பார்த்தாள்.

மேடையில் பேசிய வசனத்தைத்தான் சிறுமி பிளாஸ்டிக் துப்பாக்கியை நீட்டிக் கட்டிலருகே சொன்னாள்: “கையைத் தூக்கு!” மாதக்கணக்கில் தலையைக்கூட உயர்த்தாத அப்பா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். போருக்குப் போய்வந்தும் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காத மனிதர். “சுட்டுடாதீங்க ஐயா,” என்று முனகியது அவளுக்கு மட்டுமே கேட்டது. கைகள் சரிந்தபோது மூச்சும் நின்றிருந்தது.

‘கையைத் தூக்கினாருண்ணா’ என்று அவள் தொலைபேசியில் அழுததை, அவள் கூடத்துக்கு வந்தபோது அண்ணன் எல்லோரிடமும் வளர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“பேத்தி யூனிஃபார்ம்ல வந்து நின்னா. அப்பா சல்யூட் அடிச்சாரு, அடிச்ச கையோட போயிட்டாரு! யாருக்குக் கெடைக்கும் இந்தச் சாவு?”

“படுத்தாலும் சிங்கம் சிங்கந்தான்யா,” என்றார் ஒருவர்.

அப்பாவோடு ஒரே படையில் லாரி ஓட்டியவர் உடல்மேல் கொடியை விரிக்கக் குனிந்திருந்தார். நிமிர்ந்தார்.

“எந்தக் கையால?”

“என்ன மாமா கேள்வி இது? இவதான் பக்கத்துல இருந்தா. நீயே சொல்லேன்.”

சிறுமி அறை வாசலில் வந்து நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், தான் என்ன செய்தோமென்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்துவிடும். பொய்யைச் சொன்னால், அடுத்த ஆண்டும் இவளுக்கு இதே உடுப்பை மாட்டி, தாத்தா சல்யூட் அடித்த உடுப்பு என்பார்கள்.

“விளையாட்டுக்குத் தூக்கினாருண்ணா,” என்றாள். “இவகூட. ரெண்டு கையையும்.”

“இந்த நேரத்துல ஏன்டி இப்பிடி...”

லாரிக்காரர் அவளைப் பார்க்கவில்லை. பாதி விரிந்த கொடியை ஓரம் பார்த்து மடித்தார்.

“அப்புறம் போட்டுக்கலாம்.”

தெருவில் விழா ஒலிபெருக்கி அணிவகுப்புக்கு அடுத்த அணியை அழைத்தது. கொடியை மடியில் வைத்துக்கொண்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தபோது தன் மார்பிலிருந்த பதக்கங்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. உள்ளங்கையால் அவற்றைப் பொத்திக்கொண்டார்.