பிச்சாட்டூர் அணையின் மொட்டை மீன்கள்

கோவர்த்தனன் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, பிச்சாட்டூர் அணையில் மீன்களும் மொட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்தன. மீனுக்குத் தலையில் செதில் ஏது என்று கேட்பவர்கள் கேட்கலாம். பிடரியில் உண்டு, அது போயிருந்தது. முதலில் அவன் தூண்டிலில் வந்தது ஒரு ரோகு மீன். பிடரியிலிருந்து முதுகுத் துடுப்பு வரைக்கும் மழமழவென்று வழித்து, வழித்த இடத்தில் சந்தனம் பூசியிருந்தது. சந்தனம் தண்ணீரில் கரையவுமில்லை. அந்த வாரம் புத்தூர்ச் சந்தையில் தக்காளி விலை ஏறியிருந்ததால் ஊர் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

கோவர்த்தனனுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் ஆறு நாளும் பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பெட்டிகளில் ஒரே இடத்தில் ஒரே திருகாணியைத் திருகவேண்டும். ஒரு பெட்டிகூட வராமல் போனதில்லை. அங்கே வேலை முடிந்து ஜப்பானுக்குத் திரும்பிய இஞ்சினியர் ஒருவர் தன் தூண்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் புழுவும் கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. முள்ளில் இறகையும் முடியையும் சுற்றிக் கட்டிய பொய் ஈ ஒன்றுதான். நூலைப் பின்னால் வீசி, அது காற்றில் முழுசாக நீளும்வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு முன்னால் வீசினால் ஈ சத்தமில்லாமல் தண்ணீரில் போய் உட்காரும். மீன் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். “துன்றதுக்கும் இல்ல, விக்கறதுக்கும் இல்ல. அப்புறம் இன்னாத்துக்குடா இந்த வேல?” என்று அணையில் வலை போடும் சிட்டிபாபு கேட்பார். வருமா வராதா என்று தெரியாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் கோவர்த்தனனுக்கு உயிரே இருந்தது.

வேலை நிரந்தரமானால் அவன் முடியைக் கொடுப்பதாக மனைவி ரக்ஷிதா வேண்டிக்கொண்டிருந்தாள். நிரந்தரமானது. மலையில் கத்திக்குத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன், மடியில் விழுந்த முடியைப் பார்த்தான். ஈ கட்ட இதைவிட மெல்லிய முடி இந்த ஜில்லாவிலேயே கிடைக்காது என்று தோன்றியது. ஒரு பிடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாமிக்கு நேர்ந்ததைத் தொடக்கூடாதென்று தெரியாதவனல்ல. ஆசை வெட்கம் அறியாது.

அந்த முடியில் கட்டிய ஈயைக் கடித்த மீனெல்லாம் மொட்டையோடுதான் மேலே வந்தது. சேதி தண்ணீருக்குள் எப்படிப் பரவியதோ, இரண்டு மாதத்தில் மதகிலிருந்து கரைவரைக்கும் மீன்கள் வரிசை கட்டி நின்றன. குடும்பத்தோடு வந்தவை குஞ்சுகளை நடுவில் விட்டுக்கொண்டன. செல்வாக்கான ஒரு கட்லா இடையில் நுழையப் பார்த்தது, மற்றவை வாலால் அடித்து அதைப் பின்னால் அனுப்பின. ஈ தண்ணீரைத் தொட்டதும் முன்னால் நிற்பது கடிக்கும், மொட்டையாகும், நகரும், அடுத்தது வரும். இழுப்பும் இல்லை, துள்ளலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பெல்ட்டாகிவிட்டது. அது புரிந்த அன்று கோவர்த்தனன் கரையிலேயே உட்கார்ந்து அழுதான்.

சிட்டிபாபு சண்டைக்கு வந்தார். “மொட்ட மீன எவனும் வாங்க மாட்டேன்றான். தேவுடு மீனாம், துன்னா பாவமாம். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு.”

“நான் கூப்டலண்ணா. அதுங்களே வந்து நின்னுக்கினு இருக்குதுங்க.”

வீட்டில் உண்மையைச் சொன்னபோது ரக்ஷிதா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “சாமியோடத எட்த்துக்கினு வந்தா அவரு சும்மா இருப்பாரா? போய்க் குட்த்துட்டு வா.” கோவர்த்தனன் மலையேறி அந்த ஈயையும் மிச்ச முடியையும் உண்டியலில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிறு வெறும் கோழியிறகு ஈயை வீசினான். வரிசை அப்படியே நின்றது. அதே மொட்டை, அதே சந்தனம். நம் ஊரில் ஒரு முறை வரிசை சேர்ந்துவிட்டால் அது எதற்கென்று யார் கேட்கிறார்கள்? தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டுச் சில வாரம் வீட்டிலேயே இருந்து பார்த்தான். காத்திருக்கும் மீன்கள் பெருகி, மழையில்லாமலே தண்ணீர் கரையைத் தொட்டது. மதகு காவல்காரர் வீட்டுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். கோவர்த்தனன் மறுபடி போனான். சிட்டிபாபு வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் புளியோதரை விற்கத் தொடங்கினார். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

ஒரு விரால் மட்டும் வரிசையில் சேரவில்லை. ஆரணியாறு இந்த அணையிலிருந்து இறங்கி, ஆந்திராவைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகிறது. ஒரு வெள்ளத்தில் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து எதிர்நீச்சல் போட்டு ஏறி வந்த விரால் அது. அந்தப் பக்கத்து மீனுக்குப் பக்தி கொஞ்சம் கம்மிதான் என்றார் சிட்டிபாபு. கோரைப்புல்லுக்குள் படுத்துக்கொண்டு வரிசையைப் பார்க்கும். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகும். ஒரு நாள் வரிசை ஓய்ந்த நேரத்தில் கோவர்த்தனன் கோரைப்பக்கம் ஈயை வீசினான். விரால் வந்தது, பார்த்தது, போய்விட்டது. அந்த வாரம் முழுக்க அவன் திருகாணி திருகும்போது பாடிக்கொண்டிருந்ததாகக் கம்பெனியில் சொல்கிறார்கள்.

போன ஐப்பசியில், வரிசையின் முதலில் நின்ற ஒரு ஜிலேபிக் கெண்டைக்கு வீசிய ஈயை அந்த விரால் குறுக்கே பாய்ந்து கவ்வியது. கோல் வளைந்து நூல் கையை அறுத்தது. கோவர்த்தனன் முழங்கால் தண்ணீருக்கு இழுபட்டான். மீன்கள் ஒதுங்கி வழிவிட்டன. நெடுநேரம் மல்லுக்கட்டி அதைக் கைக்குக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைப் பார்த்தான். ஒரு செதில் குறையவில்லை. சந்தனம் இல்லை, சேற்று வாடைதான் அடித்தது. “பசிச்சுதா?” என்று கேட்டான். விரால் அவன் விரலைக் கடித்தது. வேண்டுதல் எதுவுமில்லாமல் வெறும் பசியால் ஒரு மீன் தன்னிடம் வந்ததே என்று அவனுக்குக் கண் நிறைந்து, எதிரே எதுவும் தெரியவில்லை.

முள்ளைக் கழற்றி விட்டதும் அது திரும்பிப் பார்க்காமல் கோரைக்குள் போய்விட்டது. முறை தவறிய ஜிலேபி நின்ற இடத்திலேயே காத்திருந்தது. “கோச்சிக்காத, உன் முறைதான்” என்று அதனிடம் சொல்லிவிட்டு ஈயை வீசினான். அது கடித்தது, மொட்டை போட்டுக்கொண்டது, நகர்ந்தது. விரலில் ரத்தம் வழிய, கோரைப்பக்கமே பார்த்துக்கொண்டு கோவர்த்தனன் அடுத்த மீனுக்கு வீசினான்.