அப்பன் கூரைத் தண்ணீர்

ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி மழையைப் பற்றி நான் சொன்னால் வில்லியனூரில் யாரும் நம்புவதில்லை. உசுட்டேரி வழிந்து, கெண்டை மீன்கள் என் கொல்லை முருங்கையில் ஏறித் தொங்கின. காய் பறிக்கப் போன என் வீட்டுக்காரி மீனைப் பறித்து வந்து குழம்பு வைத்தாள். முள் கொஞ்சம் அதிகம். மற்றபடி குறை சொல்வதற்கில்லை. அது கிடக்கட்டும். அதே மழையில் சம்மந்தம் வீட்டுச் சுவர் ஊறிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சம்மந்தமும் சுப்பராயலுவும் அண்ணன் தம்பி. தவிடு, புண்ணாக்கு வியாபாரம். அப்பன் கட்டிய ஓட்டு வீட்டில், நடுவே முற்றத்தோடு, ஒன்றாகத்தான் இருந்தார்கள். முந்தின வருஷம் சித்திரையில் அவர்கள் தாயார் போய்ச் சேர்ந்தாள். அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். இளையவன் சுப்பராயலு அன்று புண்ணாக்கு வாங்க விழுப்புரம் போயிருந்தான். நாங்கள் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தோம், விழுப்புரம் இந்தியா. திரும்புகையில், பர்மிட் சரியில்லை என்று எல்லையில் அவனை உட்காரவைத்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் பிணம் காத்திருக்குமா? சம்மந்தமே கொள்ளி வைத்தான். பொழுது சாய வந்த தம்பி, ஈர வேட்டியோடு நின்ற அண்ணனைப் பார்த்தான்.

"என் அம்மாவையும் நீயே எடுத்துக்கினியா?" என்றான். கருமாதி முடிந்ததும் முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பினான். பழைய வாசல் தம்பி பங்குக்குப் போனது. அண்ணன் தெருப்பக்கம் புதிதாக ஒரு கதவு வைத்துக்கொண்டான்.

சம்மந்தம் ரோஷக்காரன். திரௌபதி அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். "என் வூட்டுத் தரையில வுழுந்த தண்ணி ஒரு சொட்டு அவன் பக்கம் போவாது. என் காலு அவன் வாசப்படிய மிதிக்காது."

ரோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டான். முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போகும் சலதாரை, சுவருக்கு அந்தப் பக்கம், தம்பியிடம் இருந்தது. மழை பெய்தால் தன் பக்கத்துத் தண்ணீரை அண்டாவில் அள்ளி, வீட்டுக்குள்ளாகவே சுமந்துபோய்த் தெருவில் கொட்டுவான். ஐம்பத்தைந்து புரட்டாசியில் அவனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அதன்பிறகு அள்ள அவன் பெண்சாதி செங்கமலம் ஒருத்திதான். பிள்ளை கிடையாது. கூரைத் தண்ணீர் முழுதும் முற்றத்தில் இறங்கி, அவன் படுத்திருந்த அறையின் மண்சுவரில் ஏறியது.

செங்கமலம் என் மண்ணெண்ணெய்க் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, செவுரு தொட்டா கையோட வருது. கட்டில வேற எங்க போடறது? மத்த எடமெல்லாம் ஒழுவுது. அது வுழுந்தா எழுந்து ஓடக்கூட அவரால முடியாது."

என்னிடம் காலி டின்கள் கிடந்தன. நீளவாக்கில் வெட்டி ஒன்றோடொன்று பற்றவைத்தால் தாழ்வாரத்து விளிம்புக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் பீலியாக மாட்டலாம். கூரைத் தண்ணீர் தரைக்கு வராது. ஆனால் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுவது? இருந்தது அந்த ஒரு சலதாரைதான்.

சுப்பராயலு தராசில் புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். முள்ளைப் பார்த்தபடியே, "செவுத்துல எங்க ஓட்ட போடணும்னு சொல்லு. நானே போடறேன்" என்றான்.

"உங்கண்ணன் ஒத்துக்கணுமே?"

"ஊரையே ஏமாத்தறவன், ஒரு படுத்துக் கெடக்கறவன ஏமாத்த முடியாதா உனக்கு?"

சம்மந்தத்தின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறும். ஆனாலும் 'வோணாம்' என்பதைத் தெளிவாகச் சொன்னான். "சத்தியம்டா, பக்கிரி."

"தரையில வுழுந்த தண்ணின்னுதான சொன்ன? பீலியில புடிச்சா தரையத் தொடாதே."

"ஓடு... என்னுது."

"உன்னுதா? தரையத்தான் பிரிச்சீங்க. கூரைய எவன்டா பிரிச்சான்? மேல போய்ப் பாரு, இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஓடு. உங்கப்பன் போட்டது. அப்பன் கூரைத் தண்ணி ரெண்டு பேருக்கும் பொது. அத மறிக்க நீ யாரு?"

சம்மந்தம் படுத்தபடியே மேலே ஓட்டு வரிசையைக் கண்ணால் அளந்தான்.

"நீ பொய்யன்டா."

"ஆமாம். இதுல எது பொய்யின்னு சொல்லு, எறங்கிப் போயிடறேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். செங்கமலம் முந்தானையை இடுப்பில் செருகினாள். "ஏணி எடுத்தாங்கண்ணே."

சுவரை நோக்கிச் சரியும்படி பீலியை மாட்டினேன். அந்தப் பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. தலைக்குமேல் செங்கல் ஒன்று பெயர்ந்தது. ஓட்டை வழியாகச் சுண்ணாம்பு அப்பிய ஒரு கை வந்து பீலியின் நுனியை வாங்கிக்கொண்டது. பிறகு நான் அந்தப் பக்கம் போய், தகரக் குழாயைச் சுவரோரமாகக் கீழே இறக்கினேன். குழாய் வாயைச் சலதாரைக்குள் திணிக்கவில்லை. ஒரு சாண் மேலேயே நிறுத்தினேன். அப்போதுதான் பெருச்சாளி ஏறாது. கூரையில் உதிரும் வேப்பிலை அடைத்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த மழையில் அந்தக் குழாய் வழியாக ஒரு கெண்டை வந்தது. நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன். தண்ணீர் போனது. வானத்திலிருந்து நேரே முற்றத்தில் விழுந்ததைச் செங்கமலம் ஒருத்தியே அள்ளிவிட முடிந்தது. சுவர் நின்றது.

அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தினமும் காலையில் சுப்பராயலு குழாய் வாயில் சிக்கிய வேப்பிலையை விரலால் சுரண்டி எடுப்பான். தகரத்தில் நகம் படும் சத்தம் பீலி வழியே இந்தப் பக்கம் வரும். அது கேட்கும்வரை சம்மந்தம் கஞ்சி குடிக்க மாட்டான். ஒருநாள் சத்தம் வரவில்லை. "அவனுக்கு இன்னா?" என்று கேட்டு, செங்கமலத்தைத் தெருவுக்கு விரட்டினான். தம்பி திருக்கனூர்ச் சந்தைக்குப் போயிருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

கார்த்திகைக் கடைசியில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், சம்மந்தம் போய்விட்டான். குளிப்பாட்டக் குடங்களில் தண்ணீர் வந்தது. தெருவில் பெரியவரான இருசப்பன் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வச்சிக் குளிப்பாட்டறது? பொணத்துத் தண்ணி வூட்ல நிக்கக் கூடாது, அள்ளி உள்ளாற சுமக்கவும் கூடாது. செவுத்துக்கு அடியில ஒரு ஓட்ட போடுங்கடா, அந்தப் பக்கம் போவட்டும்."

"தரையில வுழுந்தது அந்தப் பக்கம் போவக் கூடாது, மாமா" என்றாள் செங்கமலம். "அவரு சத்தியம்."

அப்போதுதான் சுப்பராயலு உள்ளே வந்தான். சுவர் வைத்தபிறகு அதுதான் முதல் தடவை.

"செவுத்தத் தொடாதீங்க. அண்ணன் சத்தியத்த நான் ஒடைக்க மாட்டேன். என் பக்கம் தூக்குங்க."

இருசப்பன் பதறிப்போனார். "டேய், செத்தவன இன்னொரு வாசப்படி ஏத்துவாங்களா? உன் வூடு வெளங்குமா?"

"இன்னொரு வாசப்படி இன்னா மாமா? எங்க ரெண்டு பேரையும் எங்கம்மா அந்த வாசப்படிக்கு உள்ளதான் பெத்தா."

தோளுக்கடியில் அவன் கை கொடுத்தான். நான் கால் பக்கம் பிடித்தேன். தெருவில் இறங்கி, பழைய வாசலுக்கு வந்தோம். படியேறும்போது சுப்பராயலு நின்றான்.

"கால நல்லா தூக்கிப் புடி, பக்கிரி. படியில படக் கூடாது."

என் மார்புவரை தூக்கிப் பிடித்தேன். படவில்லை.

சலதாரை ஓரம் பலகை போட்டுக் குளிப்பாட்டினோம். ஒவ்வொரு குடத்தையும் தம்பியே ஊற்றினான். குடத்துத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒரே சலதாரையில் இறங்கித் தெருவுக்குப் போயின. நடுவில் குழாய் வாயில் ஒரு வேப்பிலை வந்து அடைத்தது. சுப்பராயலு குடத்தை வைத்துவிட்டுக் குனிந்து, நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தான். அந்தச் சத்தம் பீலி வழியாக மேலேறி, சுவரைத் தாண்டி, காலிக் கட்டில் இருந்த அறைக்குப் போயிற்று. கை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தான்.