வெள்ளச்சி வீட்டுக் கன்று

வெள்ளச்சி தன் பிள்ளையின் மலம் என்று சொல்லிச் சாணத்தைக் கொடுத்துவிட்டாள் என்ற சந்தேகத்தோடுதான் சாலம்மாள் கல்வராயன் மலை ஏறினாள். பிள்ளையின் வயிற்றுப்போக்குக்கு எந்த வகை ரோட்டா வைரஸ் காரணம் என்று சோதித்தவர்கள், அது மாட்டுக்கு வரும் வகை என்றார்கள். கலப்படம் என்று முடிவானால், மாதிரி சேகரிக்கும் சாலம்மாளின் வேலை போய்விடும்.

"நெசத்தச் சொல்லு, டப்பாவுல இன்னா போட்ட?"

"எம்புள்ளையோடதுதாங்க. சூனியம் வெச்சிடுவீங்களோன்னு பயந்துக்கினேதான் குடுத்தேன்."

சாலம்மாள் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். குளிருக்காக வீட்டுக்குள் கட்டியிருந்த கன்று பிள்ளையின் விரல்களை நக்கியது. பிள்ளை அவற்றை அப்படியே வாயில் வைத்துக்கொண்டது. கன்றின் பின்னங்கால்கள் நனைந்திருந்தன.

"இதுக்குமா வவுத்தால போவுது?"

"மொதல்ல அதுக்குத்தாங்க வந்துச்சு."

சாலம்மாள் பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்துக் கன்றின் பின்னால் குனிந்தாள்.

வெள்ளச்சி பதறிப்போய்க் கயிற்றை இழுத்தாள். "கன்னுக்குமா சூனியம்?"