ஜமாபந்தி உடையார்

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். ஜெகதாம்பாளின் மகள் கமலவேணி விஷயத்தில் அது தலைகீழாயிற்று. இலங்கைச் சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருந்தது. "நான் கீழப்பழுவூருக்கு வந்தால், திரும்பக் கண்டிக்கு விடுவார்களோ மாட்டார்களோ என்று இவர் பயப்படுகிறார். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் அம்மா" என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில் மை கலைந்திருந்தது. அது கண்ணீரா, ரசமா என்று ஜெகதாம்பாள் நாலைந்து தடவை முகர்ந்து பார்த்தாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்கள். கார்த்திகையில் ஒருநாள் காலை ஏட்டு சிங்காரவேலு விசாரணைக்காகச் சைக்கிளில் வந்து இறங்கினார். ஜெகதாம்பாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவள் கணவர் பஞ்சநாதன் கழுத்தில் கம்பளி மப்ளரோடு வந்து உட்கார்ந்தார். கண்டியில் குளிரும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவர் அதைக் கழற்றுவதில்லை. கழுத்தைச் சுற்றி வேர்க்குரு கூடப் போட்டிருந்தது.

ஏட்டு பேர், ஊர், நிலம், நீச்சு எல்லாம் எழுதிக்கொண்டே வந்தார்.

"கோர்ட்டுல தண்டன எதுனா உண்டா?"

"உண்டுங்க" என்றார் பஞ்சநாதன். "நாப்பத்தேழு வைகாசி. பெரம்பலூரு. குடிச்சுட்டு மாட்டு வண்டி ஓட்டுனது. அஞ்சு ரூவா அபராதம்."

ஏட்டு தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "அட! அந்த ஜமாபந்தி உடையாரு நீங்கதானா?"

பஞ்சநாதன் தலையை ஆட்டினார். அந்தப் பட்டம் அரியலூர் முழுக்கத் தெரியும். பெரம்பலூரில் ஜமாபந்தி நடந்துகொண்டிருக்கிறது. தாலுகா முழுக்கக் கணக்கப்பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். டெபுடி கலெக்டர் நடுவில் உட்கார்ந்து கிராமக் கணக்குப் பார்க்கிறார். அந்தப் பந்தலுக்குள் இரட்டை மாட்டு வண்டி ஒன்று நேரே புகுந்து, ஒரு கணக்கப்பிள்ளையின் தலைப்பாகையைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு நின்றால் ஊர் மறக்குமா? வண்டியிலிருந்து கள் வாடை வீசியது. மாஜிஸ்திரேட்டும் அவரே என்பதால் டெபுடி கலெக்டர் அங்கேயே கேட்டார்: "குடிச்சிருக்கியா?" பஞ்சநாதன் "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

"அப்ப கஷ்டம் உடையாரே" என்றார் ஏட்டு. "நான் ஆட்சேபண எழுதித்தான் ஆவணும். குடிச்சுட்டு வண்டி ஓட்டுன ஆளக் கடல் தாண்ட விடுவாங்களா?"

"கப்பல நானாங்க ஓட்டப்போறேன்?"

"அந்தூர்ல போயி எந்த மந்திரி பந்தல்ல நொழைவீங்களோ, யாரு கண்டா? அம்மாவுக்குத் தடையில்ல. அவங்க மட்டும் போவட்டும்."

ஜெகதாம்பாள் தனியாகப் போன மிகத் தூரமான இடம் அரியலூர் ரயிலடி. அங்கேயே வழி தவறிக் கூட்ஸ் கொட்டகைக்குள் போய் மிளகாய் மூட்டைகளோடு நின்றிருக்கிறாள்.

பஞ்சநாதன் மெதுவாக மப்ளரைக் கழற்றி, நாலாக மடித்து, மடிமேல் வைத்துக்கொண்டார்.

அந்த மடிப்புதான் ஜெகதாம்பாளால் தாங்க முடியாமல் போயிற்று.

ஏனென்றால் பஞ்சநாதன் ஆயுளில் ஒரு சொட்டுக் கள் குடித்ததில்லை. குடித்தவள் அவள். ஓட்டியவளும் அவள்தான்.

பெரம்பலூரில் அக்கா சம்பூர்ணம் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பிய நாள் அது. ராத்திரி முழுக்க வயலுக்குத் தண்ணீர் கட்டிய பஞ்சநாதன், அரியலூர் தாண்டியதும் வண்டிக்குள் சாய்ந்து தூங்கிவிட்டார். அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். பிறந்த வீட்டில் சின்ன வயதிலேயே பழகிய கை. பாதையோரப் பனங்காட்டில் ஒருத்தி பதநீர் என்று சொல்லி ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தாள். சுண்ணாம்பு போதாமல் அது புளித்துப்போயிருந்தது. முதல் பட்டையை ஜெகதாம்பாள் தெரியாமல்தான் குடித்தாள். சாமி மேல் சத்தியம். இரண்டாவது குடிக்கும்போது ஒரு சந்தேகம் இருந்தது. மூன்றாவது குடித்தது ஏன் என்பதை அவள் இந்த இரண்டரை வருஷத்தில் தன்னிடமிருந்தே ஒளித்து வைத்திருந்தாள். பூஜை செய்யும்போது அந்த நினைவு வந்தால், மணியைப் பலமாக ஆட்டி அதை விரட்டிவிடுவாள்.

பந்தலுக்குள் வண்டி பாய்ந்ததும் பஞ்சநாதன் விழித்தார். ஒரு பார்வை பார்த்தார். கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே சரிந்தாள். அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இப்போது சொன்னால் அவர் கப்பல் ஏறலாம். அவள் ஏற முடியாது. பிரசவ அறை வாசலில் மப்ளரோடு நின்று அவர் மட்டும் என்ன செய்வார்? சொல்லாவிட்டால் அவள் போகலாம், மிளகாய் மூட்டைகளோடு. எப்படிப் பார்த்தாலும் கமலவேணிக்குப் பாதி ஆள்தான் கிடைக்கும். ஆனால் அந்த நாலு மடிப்பு மப்ளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏட்டய்யா, அன்னைக்கி ஓட்டுனது நானு" என்றாள். "குடிச்சதும் நாந்தான்."

ஏட்டு மோரைப் பாதியில் விழுங்க முடியாமல் தவித்தார்.

"அவ சும்மா சொல்றா ஏட்டய்யா" என்றார் பஞ்சநாதன் அவசரமாக. "மகளப் பாக்கப் போற ஏக்கத்துல ஒளறுறா."

"மூணு பட்டைங்க" என்றாள் ஜெகதாம்பாள். சொல்ல ஆரம்பித்தபின் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

ஏட்டு சிரித்தே விட்டார். "பொம்பள ரெட்ட மாட்டு வண்டி ஓட்டுறதாவது! புருஷனக் காப்பாத்தப் பொய் சொல்லலாம், அதுக்கு ஒரு அளவு வேணாமாம்மா?"

இரண்டரை வருஷமாக மறைத்த உண்மையைச் சொன்னால் அதை ஒருவர் நம்பாமல் இருப்பது எவ்வளவு அவமானம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. விறுவிறுவென்று தொழுவத்துக்குப் போனாள். மயிலையையும் செவலையையும் தானே பூட்டினாள்.

"ஏறுங்க ஏட்டய்யா."

களத்து மேட்டிலிருந்து வாய்க்கால் கரையோடு ஒரு சுற்று. மாடுகள் அவள் நாக்கைச் சொடுக்கும் சத்தத்துக்கே திரும்பின. வண்டியில் வைத்த மோர்ச் செம்பு தளும்பவில்லை. பின்னால் பஞ்சநாதனும் ஏறி உட்கார்ந்திருந்தார். ஏட்டின் முகம் மெல்ல மெல்ல நீண்டது.

ஊர்த் தெரு வந்தது. "அம்மா, கயித்த எங்கிட்டக் குடுங்க" என்றார் ஏட்டு. "பொம்பள ஓட்ட, நான் பக்கத்துல குந்திக்கிட்டுப் போனா ஊரு என்ன நெனைக்கும்?"

அதுவும் சரிதான். ஊருக்குள் நுழையும்போது எந்தப் பெண்ணும் கயிறு பிடித்திருப்பதில்லை. ஜெகதாம்பாள் கயிற்றைக் கொடுத்துவிட்டு முக்காடு போட்டு உள்ளே நகர்ந்தாள். நகரும்போதே தெருக்கோடியில் இருந்த பந்தல் கண்ணில் பட்டது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழை மரம். மயிலையின் காது நிமிர்ந்தது. செவலை மூக்கை விடைத்தது.

கன்றுக்குட்டிகளாக இருந்தபோதிலிருந்து அவற்றுக்குத் தினமும் வாழைத்தண்டு நறுக்கிப் போட்டு வளர்த்தவள் அவள். பெரம்பலூர் ஜமாபந்திப் பந்தலின் வாசல் அவள் மனசில் பளிச்சென்று வந்தது. அங்கேயும் வாழை மரம்.

"ஏட்டய்யா, இழுத்துப் புடிங்க!"

"மாட்டப் புடிக்க எனக்குத் தெரியா..."

வாக்கியம் முடிவதற்குள் வண்டி பந்தலுக்குள் இருந்தது. அது மதுவிலக்குப் பிரசாரக் கூட்டம். மேடையில் 'கள் குடியைக் கெடுக்கும்' என்று எழுதிய துணி ஆணியிலிருந்து அவிழ்ந்து, பறந்து வந்து, ஏட்டின் தோளில் பொன்னாடை மாதிரி விழுந்தது. வாசலிலிருந்து இழுத்து வந்த வாழை மரங்களை மாடுகள் நிதானமாக ஆளுக்கொன்றாகத் தின்ன ஆரம்பித்தன.

கூட்டத் தலைவர் ஆண்டவர் என்பவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்தார். கதர்த் துண்டால் வாயை மூடிக்கொண்டு, "ஏட்டு, குடிச்சிருக்கீங்களா?" என்று துக்கமாகக் கேட்டார்.

"அய்யய்யோ, மோருங்க! மோரு!"

"மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

ஏட்டு பரிதாபமாகத் திரும்பி வண்டிக்குள் பார்த்தார். பஞ்சநாதன் மெல்ல இறங்கினார். "அவரு குடிக்கலிங்க. எங்க மாடு வாழையக் கண்டா நிக்காது. வேணும்னா அந்த மரத்த நகத்திப் பாருங்க."

நாலு பேர் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். மாடுகள் வண்டியோடும் ஏட்டோடும் பின்னாலேயே போயின. கோயில் வரைக்கும் போய்த் திரும்பியபின் தலைவருக்கு நம்பிக்கை வந்தது.

ஏட்டு அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தாளில் எழுதியதை உரக்கப் படித்தார்: "மேற்படி பெரம்பலூர் சம்பவத்துக்குக் காரணம் மாடுகள் என்று நேரில் அனுபவித்து அறிந்தேன். மேற்படி மாடுகள் இலங்கை செல்ல விண்ணப்பிக்கவில்லை. மனுதாரர் இருவர் பேரிலும் ஆட்சேபணை இல்லை."

எழுந்தவர் ஜெகதாம்பாளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்த மூணு பட்ட சமாச்சாரம் என் காதுல விழலம்மா."

அவர் போனபிறகு ஜெகதாம்பாள் செம்பைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். "ஏங்க. அன்னைக்கி ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

பஞ்சநாதன் மப்ளரைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். "நான் முழிச்சப்ப நீ சிரிச்சுக்கிட்டு இருந்த. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. கல்யாணமாயி அப்பிடி நீ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அத எப்பிடிடீ ஒரு டெபுடி கலெக்டர்கிட்ட வெளக்குறது?"

அவளுக்கு மூன்றாவது பட்டை ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது போலிருந்தது. கையில் கயிறு, முன்னால் நீண்ட சாலை, மேலே ஆகாயம், அதட்ட ஒருவரும் இல்லாத ஒரு காலைப் பொழுது. அது இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று தோன்றியிருந்தது. குற்றம் என்று பார்த்தால் அவ்வளவுதான் குற்றம்.

தை மாதம், இலங்கை போகிறவர்களைச் சோதிக்கும் மண்டபம் முகாமில் காகிதம் பார்த்த ஆபீஸர் ஏட்டின் குறிப்பை இரண்டு முறை படித்தார். பிறகு அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாடு ஏதும் கூட வரலியே?"

"இல்லீங்க சார். அக்கா வூட்டுல கட்டிட்டு வந்தோம்" என்றார் பஞ்சநாதன், மப்ளரைச் சரிசெய்தபடி, ரொம்பப் பணிவாக. "அங்க வாழ மரம் ஏதும் இல்லீங்க."

ஜெகதாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீஸர் சந்தேகத்தோடு அவளைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

"மோருங்க" என்றார் பஞ்சநாதன். "வெறும் மோரு."

முத்திரை விழுந்தது.